வறுமை ஒளிப்புத் திட்டம்

போன மாதம் முட்டிவலி டாக்டரைப் பார்க்க தேவ்நாரிலிருந்து சயானுக்கு ஆட்டோவில் போனேன். வழியில் சாலையோரம் நெடுகப் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். மூங்கில் நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே, கல்யாணப் பந்தல் மாதிரி சுருக்கமில்லாமல். யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். ஆட்டோ ஓட்டிய பிள்ளை, "அச்சா திக்தா ஹை நா, மௌசி?" என்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது கவனித்தேன், துணி தரையைத் தொடாத இடத்தில் நான்கைந்து ஜோடிக் கால்கள். அதில் ஒரு ஜோடி சின்னது. குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அன்றைக்கு டாக்டர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொன்னால்தான் இது விளங்கும். நம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச்சோடு சரி, வாசிக்க வராது. அவர்களுக்கு இந்தியில் சொல்லலாம் என்று பார்த்தால் கதையே காணாமல் போய்விடுகிறது. ஏனென்றால் இது ஒரே ஒரு எழுத்தைப் பற்றிய கதை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தாராவியில் திருநெல்வேலிச் சனங்கள் நெருக்கியடித்துக் கிடந்த ஒரு சந்து. இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. சட்டைப்பையில் எப்போதும் பேனா குத்தியிருப்பார் என்பதற்காகவே அவரைச் சந்துக் கமிட்டிக்குச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். அம்மா தம்பிப் பேற்றுக்கு ஊருக்குப் போயிருந்தாள். வீட்டில் அப்பா, நான், அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டார். மாமியார் வீட்டார் மட்டும் விடாமல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாடு கன்றைப் பார்க்க ஆள் இல்லையாம், ஆடி பிறக்குமுன் அனுப்பி வைக்க வேண்டுமாம். அத்தை அங்கே பட்டதைச் சொல்லமாட்டாள். முதுகில் ஒரு தழும்பு மட்டும் உண்டு. குளித்துவிட்டு வரும்போது நான் பார்த்தால், "என்னட்டி பாக்க? அது மேப்பு" என்பாள். மேப்பென்றால் வரைபடம். பள்ளிக்கூடத்தில் நான் படித்துச் சொன்ன சொல்.

அப்பா சொல்வார்: "அவ கையால நாலு காசு சம்பாரிக்கான்னு ஆயிட்டா நான் எவனுக்கும் பதில் சொல்லிருவேன். அதுவரைக்கும் என்னத்தச் சொல்ல?"

அந்தச் சமயத்தில்தான் சர்க்கார் திட்டம் வந்தது. ஆதரவில்லாத பெண்களுக்குத் தையல் மிஷின், சுமை தூக்குகிறவர்களுக்குக் கைவண்டி. கமிட்டி எழுதிக் கொடுத்த எங்கள் சந்து லிஸ்டில் அத்தையின் பெயர் ஏறியது. அன்றிலிருந்து அத்தையின் வலது கால் சும்மா இருக்கவில்லை. கவிழ்த்த டின்னில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். கீழே பாதம் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும், இல்லாத மிதிகட்டையை மிதித்துக்கொண்டு. "மிஷின் வந்துட்டா நான் எங்கயும் போவேண்டாம்லா?" என்று என்னைக் கேட்பாள். நான்தான் அரசாங்கம் என்பதுபோல.

சந்து முனையில் பழைய பேப்பர் கடை. பழைய பேப்பருக்கு இந்த ஊரில் ரத்தி என்று பெயர். அதனால் கடைக்காரர் எல்லோருக்கும் ரத்தி மாமா. மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் போய்ப் பழைய தாள்களை மூட்டையாகத் தலையில் சுமந்து வருவார். அவருக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் எல்லா மொழித் தாளிலும் வருகிற கேலிப்படங்களை வெட்டி, மைதா பசை தடவிப் பலகைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார். அந்தப் பசையின் புளித்த வாசமும் தாள்மூட்டையின் தூசி வாசமும் இப்போதும் என் மூக்கில் இருக்கின்றன.

முக்கால்வாசிப் படங்கள் ஏழைகளுக்கு அரசாங்கம் செலவழிக்கிற பணத்தைப் பற்றியவை. ஓர் ஆபீஸின் முன்வாசலில் யானை நுழைகிறது, பின்வாசலில் எலி வெளியே வருகிறது. இன்னொன்றில் நீளமாய் ஒரு குழாய். வழியெல்லாம் தொப்பைக்காரர்கள் ஓட்டை போட்டுக் குடம் வைத்திருக்கிறார்கள். கடைசி முனையில் விலா எலும்பு தெரிய ஒருவன் வாயைத் திறந்து நிற்கிறான். ஒரு சொட்டு.

தமிழ்ப் படமானால் என்னைக் கூப்பிடுவார். "ஏ பிள்ள, வாசிச்சிராத. மொதல்ல நான் சொல்லுதேன், பொறவு நீ வாசி." குழாய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, "கொளாய் ரிப்பேரு பாக்க ஆளு வந்திருக்கு" என்றார். நான் வாசித்ததும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நானும் அதத்தான சொன்னேன்" என்றார். ஒருநாள் சுவர் முழுக்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்தப் படத்துலயும் நம்மாளு சட்டையே போடமாட்டேங்கானே, ஏன்? இந்தா நாம எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான இருக்கோம்?" சொல்லிவிட்டுத் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். தோளில் மூட்டை உரசி உரசி அது நைந்து கிழிந்திருந்தது. "சரி, படத்துக்காரன் நம்மள முன்னாடியே பாத்திருக்கான்" என்று சிரித்தார். அவருக்கும் அந்த லிஸ்டில் ஒரு கைவண்டி உண்டு.

திட்டத்தைத் தொடங்கி வைக்க டெல்லியிலிருந்து ஒரு பெரியவர் வருவதாகவும், சந்துக்கொரு வரவேற்புப் பலகை வைக்க வேண்டும் என்றும் கமிட்டிக்குச் சொல்லி அனுப்பினார்கள். பெயின்டர் வேண்டாம், "நம்ம பிள்ள எளுதும்" என்றார் அப்பா. முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்தில் தமிழில் நான்தான் முதல். தேயிலைப் பெட்டியைப் பிரித்த பலகை. பட்டறையில் மீந்த சிவப்பு பெயின்ட். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். என்னுடைய 'று' தேள்வால் மாதிரி மேலே சுழியும். அதில் எனக்கு அப்போது பெரிய பெருமை.

"வறுமை ஒளிப்புத் திட்டம். வருக வருக" என்றார் அப்பா.

அப்படியே எழுதினேன். ஒளிந்து விளையாடுகிற பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியாதா? அப்பா பேனாவைச் சட்டைப்பையில் குத்திவிட்டு ஒருமுறை வாசித்து, "முத்து முத்தா இருக்கு" என்றார். சந்தே வந்து பார்த்தது. வாசிக்கத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேர் வாசித்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வரவேற்பு நாள் காலையிலேயே அடுப்பு மூட்டிய மாதிரி வெயில். மழைக்கு முந்தின மாதத்து வெயில் உங்களுக்குத் தெரியும், தகரம் பேசும். அத்தை தன்னிடமிருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள், வாடாமல்லி நிறம். அப்பா மாலையோடு மெயின் ரோட்டில் வரிசையில் நிற்கப் போனார். நாங்களும் கிளம்பினோம். அதற்குள் லாரி வந்தது. நான்கு ஆட்கள் மூங்கிலை ஊன்றி, சந்து வாயை அடைத்து மட்கிய பழுப்பில் ஒரு கித்தானைக் கட்டினார்கள். "ஆத் ஜா, ஆத்" என்று எங்களை உள்ளே தள்ளினார்கள். பலகையை மாட்ட வேறு இடமில்லாததால் அந்தக் கித்தானிலேயே கட்டித் தொங்கவிட்டார்கள். உள்பக்கத்திலிருந்து எனக்கு அதன் விளிம்பு மட்டும் தெரிந்தது.

குழாய் வெளியே. கக்கூஸ் வெளியே. உள்ளே நாங்கள், ஒரு சந்து நிறைய. கித்தானில் பூசிய மெழுகு உருகி மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. மூடிய சந்துக்குள் வெளிச்சம் கஷாயம் மாதிரி ஆகிவிட்டது. கைக்குழந்தைகள் அழுதன. ஒரு கர்ப்பிணி குழாய்க்குப் போகவேண்டும் என்று கித்தானைத் தட்டினாள். வெளியே நின்ற போலீஸ்காரர் பிரம்பால் திருப்பித் தட்டினார். எத்தனை நேரம் என்று தெரியாது. ரத்தி மாமா, "டிக்கெட் எடுக்காம சினிமாக் கொட்டகைக்குள்ள ஒக்காத்தி வச்சிருக்கான், திரையத்தான் தெறக்கமாட்டேங்கான்" என்றார். முதலில் சிரித்தார்கள். பிறகு யாருக்கும் சிரிக்க வாய் வரவில்லை. கித்தானில் என் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு கிழிசல். குதிகாலைத் தூக்கி அதில் கண்ணை வைத்தேன். கார்கள் வந்தன. நிற்கவில்லை. அப்பா மாலையை நீட்டிய கையோடு நின்றார். அவ்வளவுதான் விழா.

அத்தை என் தோளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். நெரிசலில் அவள் கால் அப்போதும் அசைந்துகொண்டுதான் இருந்தது.

பத்து நாள் கழித்து ரத்தி மாமா என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். மாட்டுங்கா வீடு ஒன்றிலிருந்து வந்த மூட்டையில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை. அதில் எங்கள் கித்தான்! அச்சு அசலாக எங்கள் பலகை, தேள்வால் 'று' உட்பட. 'வறுமை ஒளிப்புத் திட்டம்'. முன்னால் மாலையோடு ஒரு பெரியவர். கித்தானுக்குக் கீழே வரிசையாகக் கால்கள். ஒரு ஜோடி சின்னது, குதிகால் தூக்கியது. பெரியவர் கேட்கிறார்: "ஒதுக்கிய பணமெல்லாம் எங்கே போயிற்று?" அதிகாரி சொல்கிறார்: "துணி வாங்கினோம் ஐயா."

சந்து கூடிவிட்டது. எங்களுக்கு என்ன விளங்கியது? எங்கள் பலகை பேப்பரில் வந்துவிட்டது, அதுதான் விளங்கியது. 'ளி' மட்டும் ஏன் கொஞ்சம் தடித்திருக்கிறது என்று ஒரு கணம் பார்த்தேன். மை கொட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அத்தை ஒரு காலைத் தொட்டுக் காட்டி, "இது நாந்தான். பாரு, வெரலு தூக்கிருக்கு" என்றாள். அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்து, "இந்தப் பிள்ள எளுத்து பம்பாய் பூரா பரவிருச்சுவே" என்றார். ரத்தி மாமா யானைக்கும் குழாய்க்கும் நடுவில் அதற்கு இடம் ஒதுக்கி ஒட்டினார்.

மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து ஒரு கிளார்க் வந்தார். மாட்டுங்காத் தமிழர், வெள்ளைச் சட்டை, கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி. பின்னால் பியூன், கையில் எங்கள் பலகை.

"இதை எழுதினது யாரு?"

அப்பா சிரித்துக்கொண்டே, "எதுக்கு சார், பரிசு எதுவும் குடுக்கப் போறியளா?" என்றார்.

"என்ன எழுதியிருக்கு, படிங்க."

"வறுமை ஒளிப்புத் திட்டம்."

"ஒழிப்பு."

"ஆமா சார், ஒளிப்பு."

"ஒளிப்பு இல்லைங்க. ஒழிப்பு."

"அதத்தான சார் நானும் சொல்லுதேன். ஒளிப்பு."

கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார். "என்னை வச்சு விளையாடறீங்களா?"

"ஐயோ, வெளையாட்டா? பயபக்தியோட எளுதிருக்கு சார்."

அவர் ரத்தித் தாள் ஒன்றை இழுத்து, பென்சிலால் இரண்டு சொற்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினார். "இது, இல்லாமப் பண்றது. இது, மறைச்சு வைக்கறது. நீங்க மறைச்சு வைக்கறதுன்னு எழுதி, மறைச்சு வச்ச துணிமேலேயே மாட்டியிருக்கீங்க."

ரத்தி மாமா தாளை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்படின்னா சரியாத்தான எளுதிருக்கு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. கிளார்க்கின் முகம் சிவந்தது. ஆனால் அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆபீஸ்காரர் வாயிலிருந்து நிதானமாக வந்ததை நான் சொல்லுக்குச் சொல் மறக்கவில்லை. "மேலேருந்து கேக்கறாங்க. தெரியாம வந்த பிழைன்னா, கமிட்டிக்கே எழுத்துத் தெரியாதுன்னு ஆகும். நீங்க போட்ட லிஸ்ட் செல்லாது. மறுபடி எல்லாம் முதல்லேருந்து, அடுத்த வருஷமோ எப்பவோ. வேணும்னே ஒருத்தர் செஞ்ச குறும்புன்னா, அந்த வீட்டுப் பேரை மட்டும் அடிச்சுட்டு மத்ததை அனுப்பிடலாம். வியாழக்கிழமை வரேன். எழுதினவர் கடிதம் வேணும்."

இரண்டு நாள் இருந்தன. அந்த இரண்டு நாளும் வீட்டுக்குள் கித்தான் கட்டியமாதிரி இருந்தது. அத்தையின் கால் நின்றுவிட்டது. நான் அப்பாவிடம், "நான்தான் எளுதினேன்னு சொல்லிரட்டா?" என்றேன்.

"வாயத் தொறக்காத. நீ சொன்னா நம்ம வீட்டுப் பேர அடிப்பான். நம்ம வீட்டுல யாரு பேரு இருக்கு?"

அத்தை அங்கேதான் இருந்தாள். நாங்கள் இருவரும் அவளைப் பார்க்கவில்லை. தெரியாமல் எழுதினேன் என்று உண்மையைச் சொன்னால் சந்துக்கே கிடையாது. தெரிந்து எழுதினேன் என்று பொய் சொன்னால் அத்தைக்குக் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆடி மாதம் வந்து நின்றது.

புதன்கிழமை சாயங்காலம் ரத்தி மாமா வாசலில் வந்து குந்தினார். "எம்பேரச் சொல்லிருங்க."

அப்பா நிமிர்ந்தார். "ஒமக்கு எளுதவே தெரியாதேவே."

"அது அவனுக்குத் தெரியுமா?"

"வண்டி போயிருமே."

"வந்தா எங்கன நிறுத்த? இந்தச் சந்துல நானே ஒருக்களிச்சுத்தான் போறேன். தலை இருக்கும்போது வண்டி எதுக்கு?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நம்மள மாதிரி அறிவாளிக்குத்தான அப்படியெல்லாம் எளுத வரும், என்ன பிள்ள?" என்று கண்ணடித்தார்.

அப்பா வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அப்பா சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தார், பார்த்தார், மறுபடி குத்திக்கொண்டார். இன்றைக்கு, அன்றைய அப்பாவைவிட இருபது வயது கூடி உட்கார்ந்து யோசிக்கிறேன். அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருப்பேன்? தெரியவில்லை. ஆனால் அந்தப் பேனா மறுபடி பைக்குள் போனது மட்டும் என் கண்ணிலிருந்து போகவில்லை.

வியாழக்கிழமை கிளார்க் வந்தார். கடிதத்தை யார் எழுதுவது? அப்பா பேனாவை என் பக்கம் நீட்டினார். "பிள்ள எளுதும்" என்று தன்னை மறந்து சொல்லிவிட்டார். அப்பா சொல்ல, நான் எழுதினேன். "வரவேற்புப் பலகையை எழுதியது நான்தான். வறுமை ஒழிப்பு என்பதை வேண்டுமென்றே மாற்றி எழுதினேன். மன்னிக்க வேண்டும்." நடுவில் அந்தச் சொல் வந்தது. கிளார்க் எழுதிக் காட்டிய துண்டைப் பார்த்துப் பார்த்து, 'ழி'யை வளைத்தேன். முதல்முறையாகச் சரியாக எழுதினேன், இன்னொருவர் மேல் பழி போடுகிற கடிதத்தில்.

ரத்தி மாமா கட்டைவிரலை மையில் தோய்த்து, அழுத்திப் பதித்தார்.

எழுதியவன் நான் என்று சொல்லும் கடிதம், கீழே கைநாட்டு. பக்கத்தில் சுவரோடு சாய்ந்திருந்த பலகை. இரண்டிலும் அதே தேள்வால். கிளார்க் கடிதத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மை பட்ட என் விரலைப் பார்த்தார். அவர் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "கையெழுத்து நன்னா இருக்கு, குழந்தே. நாக்கை மட்டும் மடிச்சுச் சொல்லிப் பழகு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்லவரா கெட்டவரா என்று இத்தனை வருஷமாக எனக்கு முடிவாகவில்லை.

ஆனி முடிவதற்குள் மிஷின் வந்தது. அத்தை போகவில்லை. கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். அந்த மிஷின் இப்போது தேவ்நாரில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் துணி போர்த்தி நிற்கிறது. அப்பா என்னிடம் அதற்குப் பிறகு எதையும் எழுதச் சொன்னதில்லை. தானும் அந்த எழுத்து வருகிற சொல்லை வாயில் எடுக்கவில்லை. வாழைப்பழத்துக்கு 'கேலா' என்றார். மழைக்கு 'தண்ணி வருது' என்றார். தமிழ் என்று சொல்லவேண்டிய இடத்தில் 'நம்ம பாஷை' என்றார். சாகும்வரை அப்படித்தான்.

அத்தை மிஷினில் முதலில் தைத்தது ஒரு சட்டை, நீலப் பாப்ளினில். "மாமாட்ட குடுத்துட்டு வா" என்று என் கையில் தந்தாள். கடையில் அவர் உள்ளே மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். சட்டையைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். சாயங்காலம் அவர் அதைப் போட்டுக்கொண்டு பலகைச் சுவருக்கு முன்னால், அந்த விலா எலும்பு ஆளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒரு கை மறு கையைவிட நீளம். "பாருங்கவே, நம்மாளுக்குச் சட்டை கெடச்சிருச்சு!" சந்தே சிரித்தது. நான் கதவு இடுக்கில் குதிகாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏ பிள்ள, புதுப் படம் வந்திருக்கு. வந்து வாசியேன்" என்று கூப்பிட்டார். வீட்டுப்பாடம் இருக்கிறது என்று உள்ளிருந்து கத்தினேன். மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு அடுத்த வாரமும். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கத்துச் சாக்கடையைத் தாண்டிப் போக ஆரம்பித்தேன். கொஞ்சநாளில் அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். படங்களைத் தானே பார்த்து, தானே சொல்லி, சரியா தவறா என்று சொல்ல ஆளில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தார். கழுத்து ஒருபக்கமாகச் சாயும்வரை தலையில்தான் சுமந்தார்.

அவர் போய் வெகுகாலமாகிறது. அந்தச் சுவரும் சாலை அகலமானபோது போய்விட்டது. ஆகவே இந்தக் கடிதத்தை உங்களிடம் கொடுக்கிறேன், வாசிக்கத் தெரிந்த என் வயதுக்காரர்களே. வரவேற்புப் பலகையை எழுதியது நான்தான். வேண்டுமென்று எழுதவில்லை. எங்கள் சந்தில் அப்போது அந்த எழுத்தே கிடையாது.